பல்லக்காவின் தாடை

அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் பல்லக்கா இருக்கும் இடத்தைக் காட்டிவிடுவார்கள். மேலே மூன்றாம் மாடியில் பல் டாக்டர். கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், இரண்டு ஜன்னல் வைத்த ஓர் அறையில் பல் செட் செய்யும் லேப். உள்ளே எதைத் தொட்டாலும் விரலில் வெள்ளைப் பிளாஸ்டர் மாவு ஒட்டும். மேசை, ஸ்டூல், ரேடியோ, பல்லக்காவின் புருவம் எல்லாம் ஒரே நிறம். அலமாரி முழுக்க மாவில் வார்த்த வாய்கள். பல்லுள்ளவை, பல்லில்லாதவை, ஒற்றைப் பல்லோடு உலகத்தை முறைத்துக்கொண்டிருப்பவை. முதல் தடவை வருகிறவர்கள் வாசலிலேயே தயங்கி நின்றுவிடுவார்கள். “வாங்க, ஒண்ணும் கடிக்காது” என்பாள் பல்லக்கா. பதினாலு வருஷமாக அதே ஜோக். அவளே சொல்லி அவளே சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, மூன்றாம் மாடியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவருக்கும் கேட்கும்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே வாய்த்துடுக்கால்தான். இருபத்திரண்டு வயதில், போன் எடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பல் டாக்டரைப் பார்க்க வந்தாள். அவர் மேசைமேல் புதிதாக வந்த செட் ஒன்று இருந்தது. அவர் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், “சார், இதுல இடது பக்கம் மூணாவது பல்லு கொஞ்சம் கோவிச்சுக்கிட்டு நிக்குது” என்றாள். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். நின்றது வாஸ்தவம். போன் எடுக்க வேறு ஆள் பார்த்துக்கொண்டார். இவளைக் கீழே லேபுக்கு அனுப்பிவிட்டார்.

மாவு குழைக்க, மெழுகு உருக்க, பல் அடுக்க, பாலிஷ் பிடிக்க என்று ஒவ்வொன்றாகக் கற்றாள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் யாரிடமும் எதையும் கற்கவில்லை, அது அவள் பிறவிக் குணம். செட் என்றால் ஒட்டினாற்போல் உட்கார வேண்டும். அண்ணத்துக்கும் செட்டுக்கும் நடுவில் காற்றுப் போகக் கூடாது, தண்ணீர் போகக் கூடாது. செய்து முடித்த செட்டை மாவு வாயில் பொருத்தி, ஓரத்தில் ஒரு சொட்டு மைத்தண்ணீர் விட்டுப் பார்ப்பாள். உள்ளே கோடளவு மை இறங்கியிருந்தால் போதும், அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். “ஒழுகினா அது செட்டு இல்ல, சல்லடை” என்பாள். இதற்குப் பேர் கெட்டிக்காரத்தனமா பிடிவாதமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் செய்த செட்டைப் போட்டவர்கள் கரும்பைக் கடித்தார்கள், அவ்வளவுதான் தெரியும்.

கல்யாணம்கூட அப்படி ஒரு செட்டால் வந்ததுதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவர் தன் அம்மாவுக்குப் பல் செட் வாங்கிப்போனார். மறுவாரம் திரும்பி வந்தார். என்ன குறை என்று கேட்டாள். “சொல்லத் தெரியல, ஏதோ சரியில்லைன்னு அம்மா சொல்றாங்க” என்றார். தேய்த்துக் கொடுத்தாள். மறுபடி வந்தார். மறுபடி தேய்த்தாள். மூன்றாவது தடவை அம்மாவையே கூட்டி வந்தபோது, அந்த அம்மா வாசலில் நின்றபடி, “எனக்கு ஒரு குறையும் இல்லம்மா, இவனுக்குத்தான்” என்று போட்டு உடைத்துவிட்டார். மெழுகு கைதட்டினார். மெழுகு என்பது லேபில் மெழுகு வேலை பார்ப்பவர். ஐம்பதைத் தாண்டியவர், ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த டிரைவிங் மாஸ்டரைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். எல்லோரையும் போல அவளும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டாள். பதினோரு வருஷம் ஆயிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. பல்லக்கா கதையும் அதுதான்.

அச்சு எடுக்கும் பசை புதிதாக வந்தால், அது சரியாக இறுகுகிறதா என்று முதலில் தன் வாயிலேயே வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். பசையில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால், மாவு ஊற்றியதும் அந்த இடத்தில் பருப்பு மாதிரி ஒரு மேடு வந்துவிடும். லேப்காரர்கள் அதைப் பார்த்ததும் யோசிக்கவே மாட்டார்கள், கத்தியை எடுத்துச் சுரண்டிவிடுவார்கள். பல்லக்காவின் அச்சில் இடது பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு வெளிப்புறம், அப்படி ஒரு மேடு வந்தது. சுரண்டினாள். அடுத்த வருஷம் வந்த பசையிலும் அதே இடத்தில் மேடு. “இந்தக் கம்பெனிக்காரன் பசையைக் கலக்கறானா, காத்தைக் கலக்கறானா” என்று திட்டிவிட்டுச் சுரண்டினாள். மூன்றாம் வருஷம் கம்பெனியையே மாற்றினாள். மேடு மட்டும் மாறவில்லை, கொஞ்சம் பெரிதாகவே வந்தது. கத்தியை எடுத்தபோது மெழுகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, மூணு வருஷமும் ஒரே இடத்துல எப்படிக் குமிழி வரும்?”

பல்லக்கா கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு விரலை வாய்க்குள் விட்டுத் தடவினாள். மேடு அங்கேதான் இருந்தது. வலி இல்லை, ஒன்றும் இல்லை. அழுத்தினால் முட்டை ஓடு போல லேசாக அமுங்கிக் கொடுத்தது. எலும்பு அமுங்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். மாவுக் கையோடு, செருப்பைக்கூடப் போடாமல், மூன்று மாடியும் ஏறினாள்.

எக்ஸ்ரேயில் இடது தாடையின் பின்பாதி கறுப்பாக இருந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடம் அது. பல் டாக்டர் உடனே, பெரிய ஆஸ்பத்திரியில் தாடை அறுவை செய்யும் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள், மேட்டிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் அவள் பயந்துதான் போயிருந்தாள், பொய் எதற்கு. மாஸ்டர் மட்டும் தைரியமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டு, கற்றுக்கொள்ள வந்தவர்களை ஒரே தெருவில் ஏழு தடவை சுற்ற வைத்தார்.

தாடை டாக்டர் சின்ன வயசுப் பெண். கூந்தலைத் தொப்பிக்குள் அடக்கியிருந்தாள். நாற்காலியை இழுத்து அவர்கள் இருவருக்கும் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இது புற்றுநோய் இல்ல.”

மாஸ்டருக்கு அதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. எழுந்து கை கொடுக்கப் போனார். பல்லக்கா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“அப்போ இது என்ன டாக்டர்?”

“கட்டிதான். நல்ல கட்டின்னு சொல்வோம், ஆனா அவ்வளவு நல்லது இல்ல. பல்லு உருவாகறப்போ, அது மேல எனாமல் போடறதுக்குன்னே சில செல்லுங்க வரும். வேலை முடிஞ்சதும் அதுங்க இருக்கக் கூடாது. சில பேருக்கு நாலஞ்சு மட்டும் போகாம தங்கிடும். தங்கினது சும்மா இருக்காது. ஒரு பையைக் கட்டிக்கிட்டு, உள்ள தண்ணியை நிரப்பிக்கிட்டு, எலும்பைத் தள்ளித் தள்ளி இடம் பிடிச்சுக்கும். உடம்புல வேற எங்கயும் போகாது. ஆனா விட்டா தாடை முழுக்க அதுக்குத்தான்.”

“வேலையும் செய்யாது, இடத்தையும் காலி பண்ணாது” என்றாள் பல்லக்கா. “அந்த மாதிரி ஆளுங்களை எங்க லேப்லயே பார்த்திருக்கேன்.”

டாக்டர் சிரித்தாள். பல்லால் வரும் கட்டிகளில் பல வகை உண்டு, சிலருக்குத் தாடைக்குள் கடுகு கடுகாக முப்பது குட்டிப் பற்களே ஒரு பைக்குள் முளைத்திருக்கும், அதை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றாள். “எனக்கு அது வந்திருந்தா லேபுக்காவது ஆகியிருக்கும்” என்றாள் பல்லக்கா. பயத்தில் வருகிற பேச்சு அது. டாக்டருக்கும் அது புரிந்தது, அதனால் நிதானமாகவே மீதியைச் சொன்னாள்.

“ரெண்டு வழி இருக்கு அக்கா. ஒண்ணு, கட்டி இருக்கிற எலும்பை, சுத்தி ஒரு சென்டிமீட்டர் நல்ல எலும்போட சேர்த்து வெட்டி எடுத்துடறது. கால்ல இருந்து எலும்பு எடுத்து அங்க வெச்சு உருவம் கொடுப்போம். திரும்ப வர வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனா அந்தப் பக்கம் பல்லெல்லாம் போயிடும். தாடைக்குள்ள ஓடற நரம்பும் போயிடும். கீழுதட்டுல இடது பாதிக்கு உணர்ச்சியே இருக்காது.”

“எத்தனை நாளைக்கு?”

“எப்பவுமே.”

பல்லக்கா தன்னையறியாமல் உதட்டைத் தொட்டாள். உதடு மரத்தவர்கள் இரண்டு பேருக்கு அவள் செட் செய்திருக்கிறாள். குடித்த காபி தாடையில் வழிவது அவர்களுக்குத் தெரியாது, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் துடைத்துக்கொள்வார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

“ரெண்டாவது வழி என்ன?”

“உங்களுக்கு இருக்கிறது ஒரே பை. கெட்டது பையோட உள்சுவர்ல மட்டும்தான் இருக்கு, வெளிய எலும்புக்குள்ள வேர் விட்ட மாதிரி பரிசோதனையில தெரியல. அதனால பையில ஒரு சின்ன ஜன்னல் வெச்சு, அது மூடிக்காம பார்த்துக்கிட்டா, உள்ள அழுத்தம் குறையும். அழுத்தம் குறைஞ்சா பை சுருங்கும், சுத்தி எலும்பு வளரும். நல்லா சுருங்கினதும் மிச்சத்தைச் சுரண்டி எடுத்துடலாம். தாடை, நரம்பு ரெண்டும் தங்கலாம். ஆனா ஒரு வருஷம் பொறுமை வேணும். அப்பறமும் திரும்ப வரலாம், அதனால பல வருஷம் நீங்க என்கிட்ட வந்து காட்டிட்டே இருக்கணும். பை சுருங்கலன்னா முதல் வழிதான்.”

“என் உதடு எனக்கு வேணும் டாக்டர்” என்றாள் பல்லக்கா. அவ்வளவுதான் அவள் யோசித்தது.

ஜன்னல் வைத்தார்கள். ரப்பர் குழாய் ஒன்றைத் தையல் போட்டு நிறுத்தினார்கள். காலை மாலை இரண்டு வேளையும் உப்புத் தண்ணீரை ஊசிக்குழலில் ஏற்றிக் குழாய்க்குள் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அது மாஸ்டர் வேலை. குளியலறைக் கண்ணாடி முன்னால் அவள் வாயைத் திறந்துகொண்டு நிற்க, அவர் நெற்றி வியர்க்க வியர்க்கக் குழலை அழுத்துவார். அழுத்தும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடும். “மாஸ்டர், நான் எங்கயும் மோத மாட்டேன், அழுத்துங்க” என்பாள் அவள், வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு.

எலும்பு மெல்லிசாக இருந்ததால் கடினமாக எதையும் கடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். எல்லாம் கூழாகத்தான் இறங்கியது. பக்கத்து நாற்காலியில் மாமியார் வறுத்த கடலையைக் கடகடவென்று மெல்லுவார். பல்லில்லாத மாமியார் நொறுக்க, பல்லுள்ள மருமகள் உறிஞ்ச, அந்த வீட்டில் நியாயம் தலைகீழாக நடந்தது. “எல்லாம் நீ கொடுத்த பல்லுதானே அம்மாடி, உனக்கும் சேர்த்து நானே மெல்றேன்” என்பார் மாமியார். குத்தலாகச் சொன்னாரோ குளிர்ச்சியாகச் சொன்னாரோ, சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை அவர்தான் கட்டியில்லாமல் கடைந்து கொடுத்தார்.

மூன்று வாரத்தில் ரப்பர் குழாயை எடுத்துவிட்டு, ஜன்னல் மூடிக்கொள்ளாமல் இருக்க ஓர் அடைப்பான் வைக்க வேண்டியிருந்தது. பல் செட் செய்யும் அதே ரோஸ் நிறப் பொருளில், நடுவே ஓட்டை விட்டுச் செய்வது. ஆஸ்பத்திரி லேபில் சொல்லிச் செய்வதாக டாக்டர் சொன்னாள். பல்லக்கா ஒப்பவில்லை. என் வாய்க்கு இன்னொருத்தர் வேலை செய்வதா என்று கேட்டுவிட்டு, தானே அச்செடுத்து, தானே வார்த்து, தானே பாலிஷ் பிடித்தாள். பக்கத்துப் பல்லில் ஒரு கம்பி கொக்கி போட்டு நிற்க, சின்ன விரல் நுனியளவு அடைப்பான். போட்டுக் காட்டியதும் டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இது நகை” என்றாள். அந்த வார்த்தையைப் பல்லக்கா லேபில் அனைவரிடமும் இரண்டு தடவை சொன்னாள்.

வினை அந்தப் பெருமையில்தான் வந்தது. சாப்பிட்டால் ஓட்டைக்குள் துணுக்கு போனது. அது போனால்கூடப் பரவாயில்லை, உள்ளேயிருந்து சொட்டுச் சொட்டாக வாய்க்குள் ஏதோ வடிந்துகொண்டே இருந்தது. பதினாலு வருஷமாக ஒழுகல் என்ற வார்த்தையே ஆகாதவளுக்குத் தன் வாயிலேயே ஒழுகினால் எப்படி இருக்கும்? ஒரு மத்தியானம், மெழுகு சாப்பிடப் போன நேரத்தில் உட்கார்ந்து, அந்த ஓட்டைக்கு ஒரு மூடி செய்தாள். மிளகளவு மூடி. அழுத்தினால் கிளிக் என்று உட்காரும். மைத்தண்ணீர் விட்டுப் பார்த்தாள், ஒரு கோடு இறங்கவில்லை. கழுவும்போது மட்டும் திறப்பது, மீதி நேரம் மூடி வைப்பது என்று ஆயிற்று. டாக்டரிடம் போகும் நாளில் மட்டும் மூடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். மறைக்க வேண்டும் என்று இல்லை. விருந்தாளி வரும்போது மேசைமேல் கிடப்பதை எடுத்து உள்ளே வைப்போமே, அந்தப் பழக்கம்தான்.

மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் கறுப்பு அப்படியே இருந்தது. டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். சிலருக்குத் தாமதமாகும், ஆறு வாரம் பார்க்கலாம் என்றாள். ஆறு வாரம் கழித்தும் அதே கறுப்பு. “இப்படியே இருந்தா வெட்டறதுதான் பாதுகாப்பு அக்கா. அடுத்த தடவை வரும்போது வீட்டுக்காரரையும் உள்ள கூட்டிட்டு வாங்க, தேதி பேசிடலாம்” என்றாள்.

அன்றிலிருந்து கட்டடத்தில் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிற்று. மூன்றாம் மாடியிலிருந்து பல் டாக்டரே இறங்கி வந்து, ரேடியோ கேட்கிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். பல்லக்கா வேலையைக் குறைக்கவில்லை. ஆனால் ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடுபடுத்தும்போது, கீழுதட்டைப் பல்லால் மெல்லக் கடித்துக் கடித்துப் பார்த்துக்கொண்டாள். அது இன்னும் வலித்தது. வலிப்பது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, உடனே அழுகையாகவும் வந்தது.

குறித்த நாளில் மாஸ்டர் உள்ளே வந்தார். ஊசி, கத்தி, நாற்காலி எதைப் பார்த்தாலும் அவருக்கு மயக்கம் வரும், அதனால் பரிசோதனை முடிவு கேட்ட நாள் தவிர, அதுவரை அவர் காரிலேயேதான் உட்கார்ந்திருப்பார். அன்றைய படமும் அதே கறுப்பு. டாக்டர் தேதிப் புத்தகத்தைத் திறந்தாள். மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. தன் பெண்டாட்டி பரீட்சையில் தோற்றுவிட்டாள் என்று யாரோ சொன்னதுபோல் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“டாக்டர், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இவ ஒரு குறையும் வைக்கல. ரெண்டு வேளை கழுவறதுல ஒரு வேளை தவறினது இல்ல. ஒரு பருக்கை உள்ள போகாது, ஒரு சொட்டு வெளிய வராது, அப்படி மூடி போட்டு வெச்சிருக்கா.”

“என்ன மூடி?” என்றாள் டாக்டர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மாஸ்டர் வாயால் அன்று கெட்டது எதுவுமில்லை. பல்லக்கா கைப்பையைத் திறந்து, சின்னப் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து மூடியை எடுத்து டாக்டர் உள்ளங்கையில் வைத்தாள். டாக்டர் அவள் வாயிலிருந்த அடைப்பானைக் கழற்றி, அதில் மூடியைப் பொருத்தினாள். கிளிக் என்றது. ஊதிப் பார்த்தாள். காற்றுப் போகவில்லை.

“இதை எப்போ இருந்து போடறீங்க?”

“அடைப்பான் போட்டதுல இருந்தே. வடிஞ்சுக்கிட்டே இருந்துது டாக்டர்.”

“அக்கா” என்றாள் டாக்டர். குரல் ஒரு மாதிரி இருந்தது. “வடியணும்னுதான் ஜன்னல் வெச்சேன். வடிஞ்சாத்தான் பை சுருங்கும். நீங்க நாலரை மாசமா ஜன்னலைச் சாத்திட்டு உள்ள காத்து வரலையேன்னு உக்காந்திருக்கீங்க.”

பல்லக்கா மூடியைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். “ஒழுகினா அது நல்ல வேலை இல்லையே” என்றாள் மெதுவாக. டாக்டர் தேதிப் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாஸ்டர் எதற்கு என்று புரியாமலே கூடச் சிரித்தார். பல்லக்காவுக்குத்தான் சிரிப்பு கடைசியில் வந்தது. ஆனால் வந்தபோது வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கட்டி பிடிவாதக்காரியில்லை, தான்தான் பிடிவாதக்காரி என்பது எவ்வளவு பெரிய நல்ல செய்தி என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு ஒழுகட்டும் என்று விட்டாள். அது சுலபமாக இல்லை. வாயில் எப்போதும் ஒரு கசப்பு, பேசும்போது நடுவில் விழுங்க வேண்டியிருந்தது, சாப்பிட்ட பத்தாவது நிமிஷம் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டியிருந்தது. மாஸ்டர் வேளைக்கு மூன்று குழல் தண்ணீர் அடித்தார். ஆறு வாரத்தில் எடுத்த படத்தில், கறுப்பின் ஓரமாக மங்கலாக ஒரு வெள்ளை படர்ந்திருந்தது. “எலும்பு” என்றாள் டாக்டர், பேனா முனையால் தொட்டு. மாஸ்டர் அந்தப் படத்தைத் தன் போனில் படம் பிடித்து, காரோட்டக் கற்றுக்கொள்ள வந்த அத்தனை பேருக்கும் சிவப்பு விளக்கில் நிற்கும்போது காட்டினார். பச்சை விழுந்ததும் பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள்.

வெள்ளை மாதாமாதம் உள்ளே வந்தது, கறுப்பு பின்வாங்கியது. பதினோராம் மாதம் பழைய பள்ளத்தில் கால்வாசிகூட மிச்சம் இல்லை. டாக்டர் மயக்க மருந்து கொடுத்து, கடைசிக் கடைவாய்ப் பல்லையும் எடுத்து, சுருங்கிப்போன பையை முழுசாக உரித்து, அது உட்கார்ந்திருந்த எலும்பையும் மெல்லிசாகச் சுரண்டிவிட்டாள். தாடை தாடையாக இருந்தது. நரம்பு அறுபடவில்லை, கண்ணால் பார்த்தேன் என்றாள் டாக்டர். எடுத்ததைப் பரிசோதித்ததில் பயப்பட எதுவும் இல்லை. இனி வருஷா வருஷம் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றால் அவ்வளவுதான் இல்லை. மயக்கம் தெளிந்த அன்றே பல்லக்காவுக்குத் தெரிந்துவிட்டது, கீழுதட்டின் இடது பாதி அங்கே இல்லை. கண்ணாடியில் இருந்தது, தொட்டால் விரலுக்குத் தெரிந்தது, உதட்டுக்குத்தான் எதுவும் தெரியவில்லை. நரம்பின் மேலிருந்து கட்டியை உரிக்கும்போது அது நொந்திருக்கும், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ திரும்பி வரலாம் என்றாள் டாக்டர். “வராமலும் போகலாமா?” என்று பல்லக்கா கேட்டாள். “கொஞ்சம் பேருக்கு” என்றாள் டாக்டர். அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை. வீட்டில் தினமும் ஒரு தடவை, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து உதட்டில் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தெரிகிறதா இல்லையா என்று எழுதி வைக்க வேண்டும்.

மாஸ்டர் ஒரு நோட்டுப் போட்டார். தினமும் காலையில் சமையலறை ஜன்னல் ஓரம் அவளை உட்கார வைத்து, வலது பக்கம் தொடுவார். “தெரியுது” என்பாள். இடது பக்கம் தொடுவார். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். “தொட்டாச்சு” என்பார். “தெரியல” என்பாள். இல்லை என்று எழுதுவார். முதல் வாரம் இல்லை. மூன்றாம் வாரம் இல்லை. நாற்பது நாள் தாண்டியும் இல்லை. அவர் எழுதும்போது நோட்டை அவள் பக்கம் திருப்ப மாட்டார். காபி வழிந்தால் அவளுக்குத் தெரியும் முன்னால் துண்டோடு அவர் கை வந்துவிடும். அவள் சிரிக்கத்தான் செய்தாள், தாடை முழுசாகக் கிடைத்ததே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அது உண்மையும்கூட. ஆனால் காலையில் கண்ணை மூடும்போது அவள் கை மடியில் இறுகிக்கொள்ளும்.

அன்றைக்கு நாற்பத்தெட்டாம் நாள். மாமியார் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஜன்னலில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. மாஸ்டர் பஞ்சைத் திரித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டதால், முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து குனிந்தார்.

“தொட்டாச்சா?” என்றாள் பல்லக்கா, கண்ணை மூடியபடியே.

“இன்னும் இல்ல.”

“விளையாடாதீங்க மாஸ்டர். என்னமோ படுது.”

“பஞ்சு என் கையிலதான் இருக்கு.”

“இடது பக்கம். ஓரத்துல. வந்து வந்து போகுது.”

மாஸ்டர் அசையவில்லை. அவர் கையிலிருந்த பஞ்சையும் பார்த்தார், அவள் உதட்டையும் பார்த்தார். பிறகு மூச்சை இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டார்.

“இப்போ?” என்றார், வாயைத் திறந்தும் திறக்காமலும்.

“இப்போ இல்ல.”

அவர் மூச்சை மெல்ல விட்டார்.

“இப்போ இருக்கு” என்றாள் பல்லக்கா.